மரகதம்: கடல்வழி வந்த ஒரு பெயர்

சொல்லாய்வு பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அதன் நெறிகளைப் பொதுவாக அடுக்கிக்கொண்டு போவதைவிட, ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அது வந்த தடத்தில் நடந்து பார்ப்பது பயன்தரும் என்று நினைக்கிறேன். நான் எடுத்துக்கொண்ட சொல் மரகதம்.

மரகதம் நமக்கு மிக நெருக்கமான சொல். பெண்மக்களுக்கு மரகதம் என்றும் மரகதவல்லி என்றும் பெயர் வைக்கிறோம். நம் மாநிலப் பறவை மரகதப்புறா. சோதிடர் புதனுக்கு உரிய கல் என்பார். நகைக்கடையில் பச்சைக்கல் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இப்படி வீட்டுப் பிள்ளையாகிவிட்ட சொல்லைப் பார்த்து, நீ எந்த ஊர் என்று கேட்கவே நமக்குத் தோன்றுவதில்லை. கேட்டுப் பார்த்தால் அது சொல்லும் கதை பெரியது.

முதலில் அதன் உறவினரைப் பார்ப்போம். கிரேக்கர் இக்கல்லை ஸ்மரக்தோஸ் என்றார்கள். தொடக்கத்து ஸகரம் இல்லாமல் மரக்தோஸ் என்ற வடிவமும் அவர்களிடம் வழங்கியது. அது லத்தீனில் ஸ்மரக்துஸ் ஆகி, பழைய பிரெஞ்சில் எஸ்மெரோட் ஆகி, ஆங்கிலத்தில் எமரால்ட் ஆனது. ஸ்பானியர் எஸ்மெரால்டா என்கிறார்கள். அரபியிலும் பாரசீகத்திலும் ஸுமுர்ருத், துருக்கியில் ஸும்ருத், ரஷ்ய மொழியில் இஸும்ருத். வடமொழியில் மரகத. தாய்லாந்து மக்கள் மொரகோத் என்கிறார்கள். அட்லாண்டிக் கரையிலிருந்து சயாம் வளைகுடா வரை ஒரே சொல்தான் வெவ்வேறு வாய்களில் வெவ்வேறு விதமாக உருண்டிருக்கிறது.

தமிழில் மரகதம் என்று சொல்லும்போது இடையில் வரும் ககரத்தையும் தகரத்தையும் நாம் அழுத்தாமல் நெகிழ்த்தி ஒலிக்கிறோம். வடமொழி வடிவத்தில் அவை அழுத்தமாக ஒலிப்பவை. கிரேக்கத்தில் நம்முடையவை போலவே நெகிழ்ந்தவை. இதைக் கண்டதும், கிரேக்கரிடமிருந்தே நேராக வாங்கினோம் என்று சொல்ல ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது. உயிர்களுக்கு நடுவில் வரும் வல்லினத்தைத் தமிழ் எப்போதும் அப்படித்தான் ஒலிக்கும். பிராகிருதமும் அப்படி நெகிழ்த்தியதுதான். ஒலி ஒத்துப்போவது ஒரு தொடக்கம் மட்டுமே. மாணவர்கள் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

அப்படியானால் இதன் வேர் எங்கே? பெரும்பாலான சொற்பிறப்பியல் அறிஞர்கள் மேற்கு ஆசியாவைக் காட்டுகிறார்கள். எபிரேயத்தில் பாரெகெத் என்றொரு மணியின் பெயர் உண்டு. மெசொப்பொத்தேமியாவின் அக்காடிய மொழியில் பர்ரக்து என்பதும் ஒரு மணியின் பெயரே. இரண்டும் ப-ர-க் என்ற செமித்திய வேரைச் சேர்ந்தவை. அவ்வேருக்கு மின்னுதல், பளிச்சிடுதல் என்று பொருள். அரபியில் பர்க் என்றால் இன்றும் மின்னல்தான். பகரமும் மகரமும் இரண்டு இதழும் பொருந்தப் பிறப்பவை என்பதால், மொழி மாறும்போது ஒன்று மற்றொன்றாவது அரிதன்று. ஆக, பெயரின் அடிப்பொருள் மின்னும் கல் என்பது. அதில் பச்சை என்ற குறிப்பே இல்லை. கல்லின் நிறம் பிற்பாடு சொல்லுக்குள் ஏறி உட்கார்ந்து, நாம் மரகதப் பச்சை என்று ஒரு நிறத்துக்கே பெயர் வைக்கும் அளவுக்கு அதை ஆட்கொண்டுவிட்டது.

எபிரேய வேதாகமத்தின் யாத்திராகமம் 28ஆம் அதிகாரத்தில் தலைமைக் குருவின் மார்ப்பதக்கத்தில் பதிக்க வேண்டிய 12 மணிகள் சொல்லப்படுகின்றன. மூன்றாவது பாரெகெத். அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் அந்த இடத்தில் ஸ்மரக்தோஸ் என்றே எழுதினார்கள். பின்னாளில் 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பு மூன்றாம் கல்லைச் செம்மணியாக்கிவிட்டு, நான்காம் கல்லை எமரால்ட் என்றது. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பிலும் மூன்றாம் இடத்தில் மாணிக்கமும் நான்காம் இடத்தில் மரகதமும் நிற்கின்றன. பாரெகெத்தின் வழியில் வந்த சொல் தன் தாய்ச்சொல்லின் இடத்துக்கு அடுத்த இடத்தில் போய் அமர்ந்திருக்கிறது. பண்டை மணிப்பெயர்களை மொழிபெயர்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

வடமொழியாளர் இச்சொல்லைத் தம் முறையில் விளக்கிக்கொண்டார்கள். மரகம் என்றால் கொள்ளைநோய். அதைக் கடக்க உதவுவது மரகதம் என்பது அவர்கள் தந்த விளக்கம். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வேதங்களில் இக்கல்லின் பெயர் இல்லை. பிற்கால நூல்களில்தான் வருகிறது. தெரியாத ஊரிலிருந்து வந்த சொல்லைத் தெரிந்த சொற்களாகப் பிளந்து பொருள் சொல்வது எல்லா மொழியாருக்கும் உள்ள வழக்கம். தமிழிலும் மரகதத்துக்குள் மரம் இருக்கிறது, மரத்தின் பசுமை இருக்கிறது என்று காட்ட விரும்புவோர் உண்டு. அவர்களுடைய மொழிப்பற்றை மதிக்கிறேன். இருந்தாலும் சொல்லைப் பிளப்பதற்கு முன்னால் கல் எங்கே கிடைத்தது என்று கேட்டாக வேண்டும்.

பண்டைய உலகத்துக்குத் தெரிந்த பெரிய மரகதச் சுரங்கங்கள் எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில், செங்கடலை ஒட்டிய மலைகளில் இருந்தன. ரோமர் அந்த மலையை மரகத மலை என்றே அழைத்தார்கள். சிகைத், ஸபாரா என்ற இடங்களில் அந்தச் சுரங்கக் குழிகளை இன்றும் காணலாம். சிகைத்தில் பாறையைக் குடைந்து கட்டிய கோயிலும் இருக்கிறது. பல நூற்றாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்த இவ்விடங்களை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரடெரிக் கயோ என்ற பிரெஞ்சுக்காரர் மீண்டும் கண்டறிந்து எழுதினார். அங்கிருந்து செங்கடல் துறைமுகமான பெரெனிகே எட்டும் தொலைவுதான். பெரெனிகேயில் பாய் விரித்த கப்பல் பருவக்காற்றைப் பிடித்துச் சேர நாட்டு முசிறித் துறைக்கு வந்து சேரும்.

கல் இந்த வழியில் வந்தது என்பதற்கு எழுத்துச் சான்றும் உண்டு. 6ஆம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற எகிப்திய வணிகர், பின்னாளில் துறவியானவர், ஒரு நூல் எழுதினார். எத்தியோப்பியர் பிளெம்மியர் என்ற பாலைவன மக்களிடம் மரகதத்தை வாங்கி இந்தியாவுக்குக் கொண்டுபோய் விற்று, அந்தப் பணத்தில் விலையுயர்ந்த சரக்குகளை வாங்கி வருகிறார்கள் என்று அதில் குறித்திருக்கிறார். இந்தியாவின் வடக்கே ஆண்ட ஹூணர்கள் மரகதத்தை மகுடத்தில் அணிய விரும்பினார்கள் என்றும் சொல்கிறார். நம் பக்கத்து இரத்தின சாத்திர நூல்களும் மரகதத்தின் பிறப்பிடத்தை வேற்று நாட்டில், கடற்கரையை ஒட்டிய மலையில் வைத்துப் பேசுகின்றன. விற்றவர் சொன்னதும் வாங்கியவர் எழுதியதும் பொருந்துகின்றன. சரக்கு மேற்கிலிருந்து வந்தது. பெயரும் அதோடு வந்தது.

அந்தச் சாத்திர நூல்களில் வரும் புராணக் கதையையும் சொல்லியாக வேண்டும். பலன் என்ற அசுரனின் உடல் மணிகளாக மாறியபோது, அவனுடைய பித்தத்தை வாசுகி என்னும் பாம்பு கவ்விக்கொண்டு வானில் சென்றது. கருடன் தாக்கவே அது கீழே நழுவி, விழுந்த இடத்தில் மரகதம் பிறந்தது என்கிறது கருட புராணம். அதனால்தான் மரகதத்துக்குக் காருத்மதம் என்றும் ஒரு பெயர். கருடனோடு சேர்ந்த கல் பாம்பு நஞ்சை முறிக்கும் என்ற நம்பிக்கை இங்கே வேரூன்றியது. மேற்கு ஆசியாவிலும் மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் குருடாகும் என்று நம்பினார்கள். கல்லும் பெயரும் சென்ற வழியிலேயே நம்பிக்கையும் போய்வந்திருக்கிறது.

அதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர் அல்பிரூனி. கஜினியின் அவையில் வாழ்ந்த பேரறிஞர். 11ஆம் நூற்றாண்டில் மணிகள் பற்றித் தனி நூலே எழுதியவர். பாம்பின் கழுத்தில் மரகத மாலையைச் சுற்றினார், அது கிடந்த கூடையில் மரகதங்களைப் பரப்பினார், கண்ணெதிரே ஆட்டிக் காட்டினார். வெயிலிலும் குளிரிலுமாக ஒன்பது மாதங்கள் பார்த்தும் பாம்புக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதிவைத்தார். எல்லாரும் சொல்கிறார்கள் என்பதற்காக எதையும் ஏற்காமல் ஒன்பது மாதம் ஒரு பாம்போடு காத்திருந்த அந்த மனிதர் மேல் எனக்குத் தீராத மரியாதை.

இனி, மரகதம் என்ற சொல் எவ்வளவு அகலமானது என்பதைப் பார்க்க வேண்டும். இன்றைய கனிமவியலார் பெரில் என்ற கனிமத்தின் பச்சை வகையை மட்டுமே மரகதம் என்பார்கள். பண்டையோர் அப்படிக் குறுக்கவில்லை. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோபிராஸ்தஸ் கற்களைப் பற்றி எழுதிய நூலில், பாபிலோன் மன்னன் எகிப்துக்கு அனுப்பிய நான்கு முழ நீள ஸ்மரக்தோஸ் பற்றிப் பேசுகிறார். அந்த அளவில் மரகதப் படிகம் இருக்க வழியில்லை. வேறு பச்சைக் கல்லாகத்தான் இருந்திருக்கும். ரோமானிய அறிஞர் பிளினி தம் நூலின் 37ஆம் பகுதியில் 12 வகை ஸ்மரக்துஸ்களைச் சொல்கிறார். அவற்றில் சைப்ரஸ் தீவின் செம்புச் சுரங்கத்தில் கிடைத்ததும் ஒன்று. வைரத்துக்கும் முத்துக்கும் அடுத்த மூன்றாம் இடத்தை இக்கல்லுக்குத் தருகிறார். மணி செதுக்குவோர் களைத்த கண்ணுக்கு இதம் தேடி இதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அவர் எழுதும்போது, கண்ணுக்குக் குளிர்ச்சி என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது காதில் விழுகிறது.

பாங்காக்கின் அரண்மனை வளாகத்தில் இருக்கும் மரகத புத்தர் உலகப் புகழ் பெற்றவர். தாய் மொழிப் பெயரிலேயே மொரகோத் இருக்கிறது. சுமார் 66 செ.மீ. உயரமுள்ள அந்தத் திருவுருவம் கனிமவியல் கணக்கில் மரகதம் அன்று. ஜேடு போன்ற வேறொரு பச்சைக் கல் என்றே சொல்கிறார்கள். நம் உத்தரகோசமங்கையில் மரகத நடராசரை ஆண்டு முழுதும் சந்தனக் காப்பில் வைத்து, மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் காப்பைக் களைகிறார்கள். திருவாரூர் முதலான சப்த விடங்கத் தலங்களில் மரகத லிங்கங்கள் வழிபாட்டில் இருக்கின்றன. இவை உண்மையான மரகதம்தானா என்று சிலர் ஏளனமாகக் கேட்கிறார்கள். கேள்வியே பிழை என்பேன். ஆய்வுக்கூடம் பெயரைக் குறுக்குவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, ஒளிவிடும் பச்சைக் கல் எதற்கும் இந்தப் பெயர் உரியதாக இருந்தது. கோயில் வழக்கு அந்தப் பழைய அகலத்தைக் காத்து வைத்திருக்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் மதுரை இரத்தினக் கடைத் தெருவை வருணிக்கும்போது, இளங்கோவடிகளும் இக்கல்லை அதன் பசுமையைக் கொண்டே அடையாளம் காட்டுகிறார். கோடும் மாலையும் இருளும் என்ற குற்றங்கள் நீங்கியது என்று தரத்தையும் சொல்லிவிடுகிறார்.

இதுவரை வரவைப் பற்றிப் பேசினேன். செலவும் உண்டு. இன்றைய பேச்சில் என் நெஞ்சுக்கு மிக அருகில் இருக்கும் பகுதி இதுதான்.

பெரில் என்ற பெயரைக் கவனியுங்கள். கிரேக்கத்தில் பெரில்லோஸ். அது பிராகிருதத்தின் வேருலிய என்பதிலிருந்து போனது. பாலியில் வேளுரிய, வடமொழியில் வைடூர்ய. இந்தச் சொல்லின் வேர் தென்னாட்டில், திராவிட மொழியில் இருக்கலாம் என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். வேலூர் அல்லது பேலூர் போன்ற ஊர்ப்பெயரோடு சில அகராதிகள் இதை இணைக்கின்றன. இருக்கலாம் என்ற சொல்லோடுதான் இணைக்கின்றன, அந்தச் சொல்லை நாம் அழித்துவிடக் கூடாது. வடமொழி இலக்கண நூலார் பாணினியின் காலத்திலேயே இப்பெயரின் ஊர் எது என்ற கேள்வி இருந்திருக்கிறது. விதூரத்திலிருந்து வருவது வைதூர்யம் என்பது அவர் சூத்திரம். பாணினிக்கு உரையாக வந்த மாபாடியத்தில் பதஞ்சலி குறுக்கிடுகிறார்: கல் கிடைப்பது வாலவாய மலையில் அல்லவா, விதூரத்தில் பட்டை தீட்டத்தானே செய்கிறார்கள் என்று எழும் தடையை எடுத்துப் பேசி, வணிகர்கள் வாரணாசிக்கு வேறு பெயர் வழங்குவதுபோல வாலவாயத்துக்கு விதூரம் என்ற பெயரையும் கொள்ளலாம் என்கிறார். கல் பிறந்த ஊர் ஒன்று, தீட்டிய ஊர் ஒன்று, பெயர் தந்த ஊர் எது என்று அன்றே வாதாடியிருக்கிறார்கள்!

கல் கிடைத்த இடம் பற்றி நமக்கு ஐயமில்லை. கொங்கு நாட்டில் காங்கேயத்தை அடுத்த படியூர்ப் பகுதி பச்சைநீலப் பெரில் கற்களுக்குப் பெயர்போனது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயரும் அங்கே தோண்டினார்கள். நொய்யல் கரையில் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 1985இல் தொடங்கிய அகழாய்வில், பெரில், பளிங்கு, நீலம், சூதுபவளம் ஆகியவற்றை மணிகளாக்கிய தொழிற்கூடத் தடயங்கள் வெளிப்பட்டன. முடிந்த மணி, பாதியில் நின்ற மணி, தீட்டாத கல், கழிவுச் சில்லு எல்லாம் ஒரே இடத்தில் கிடந்தன. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பேசும் ஊர் இதுவே. தாலமி தம் புவியியல் நூலில் பெரில் கிடைக்கும் புன்னாட்டைக் குறிக்கிறார். செங்கடல் வழிகாட்டி நூலாகிய பெரிப்ளூஸ், முசிறியில் ஏற்றுமதியாகும் சரக்குகளில் ஒளி ஊடுருவும் கற்களைச் சேர்க்கிறது. கொங்கு நாடெங்கும் ரோமானியக் காசுப் புதையல்கள் கிடைப்பதற்கு இந்தக் கற்களும் ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுவது பொருத்தமாகவே இருக்கிறது.

பிளினி இங்கே ஒரு வரி எழுதுகிறார். பெரிலுக்கும் மரகதத்துக்கும் இயல்பு ஒன்றே, அல்லது மிக நெருங்கியது என்று பலர் எண்ணுகிறார்கள் என்பது அதன் கருத்து. பெரில் இந்தியாவில் பிறப்பது, வேறெங்கும் கிடைப்பது அரிது, அதை ஆறு பட்டையாகத் தீட்டுவார்கள் என்றும் சொல்கிறார். இரண்டுக்கும் இயல்பு ஒன்றே என்ற எண்ணம் சரிதானா என்பது உறுதிப்பட ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பாரிசில் ஹாயுய் என்ற படிகவியல் அறிஞர் இரண்டின் படிக வடிவமும் ஒன்றே என்று கண்டார். அவருக்காக 1798இல் வேதியியல் அறிஞர் வோக்லான் இரண்டையும் பகுத்தார். இரண்டிலும் அதுவரை யாரும் அறியாத ஒரு தனிமத்தின் ஆக்சைடு இருந்தது. மரகதத்துக்கு மட்டும் பச்சை தருவது, ஓராண்டுக்கு முன் அவரே கண்டறிந்திருந்த குரோமியம். புதிய தனிமம் பெரிலியம் என்று பெயர் பெற்றது.

இப்போது இரண்டு சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கனிமம் ஒன்று. எகிப்தில் கிடைத்த கரும்பச்சை வகை கிழக்கே வந்தது. தன் மேற்குப் பெயரை நம்மிடம் விட்டுச் சென்றது. கொங்கு நாட்டில் கிடைத்த வெளிர்ப்பச்சை வகை மேற்கே போனது. தன் இந்தியப் பெயரை அவர்களிடம் விட்டுவந்தது. ஒரே கடல், ஒரே பருவக்காற்று, ஒரே முசிறித் துறை. எதிரெதிர்த் திசையில் இரண்டு பெயர்கள். மரகதம் வெளியிலிருந்து வந்தது என்று ஒப்புக்கொள்வதால் தமிழுக்கு இழுக்கு என்று நினைப்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். யாரிடம் கல் இருந்ததோ அவர்கள் பெயர் வைத்தார்கள். மரகதத்தைத் தமிழாக்க முயன்று நாம் செலவழிக்கும் உழைப்பில் ஒரு பங்கையாவது வேருலியத்தின் பின்னால் செலவிட்டிருந்தால், உலக அகராதிகளில் அந்த இருக்கலாம் இன்னும் கொஞ்சம் உறுதிப்பட்டிருக்கும்.

அந்தச் சொல் போன தூரத்தையும் சொல்லிவிடுகிறேன். தெளிந்த கல்லை வில்லையாகத் தீட்டிப் பார்வைக்கு உதவியாகக் கொண்ட காலத்தில், ஜெர்மானியர் மூக்குக் கண்ணாடிக்கே பிரில்லே என்று பெயரிட்டார்கள். இன்றும் அதுவே அவர்கள் சொல். பௌத்தத்தோடு சீனம் போன வேளுரிய அங்கே லியூலி ஆகி, வண்ணக் கண்ணாடியையும் மெருகு ஓட்டையும் குறித்தது. பெய்ஜிங்கில் பழம்பொருள் கடைகளுக்குப் பெயர்பெற்ற லியூலிசாங் தெருவின் பெயரில் அது இருக்கிறது. 2021இல் விண்ணில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் பெரிய கண்ணாடி, அறுகோணமான 18 பெரிலியத் தகடுகளால் ஆனது. வெளியே இவ்வளவு சுற்றிய சொல் வீட்டிலோ பொருள் மாறிவிட்டது. இன்று தமிழில் வைடூரியம் என்றால் பூனைக்கண் கல். அது பெரிலே அன்று.

ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெயர் பழையது என்பதால் கையில் இருக்கும் கல்லும் அதே இடத்துக் கல் என்று எண்ணிவிட முடியாது. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொலம்பியாவின் மூசோ, சிவோர் சுரங்கங்களைக் கைப்பற்றியபின், கடல் கடந்த மரகதங்களில் பெரும்பங்கு முகலாயர், தக்காணத்து அரசர் கருவூலங்களில் குவிந்தது. இங்கே வணிகர்கள் பழைய சுரங்கக் கல் என்று உயர்த்திப் பேசியவற்றின் பிறப்பிடம் நெடுங்காலம் தெளிவில்லாமல் இருந்தது. 2000இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஆக்சிஜன் ஐசோடோப்பு அளவைக் கொண்டு பழைய மரகதங்களைச் சோதித்தார்கள். ஐதராபாத் நிஜாமின் கருவூலத்தைச் சேர்ந்த கற்களில் கொலம்பியக் கற்கள் இருந்தன. ஆப்கானிஸ்தானத்துக் கல்லும் இருந்தது. ரோமானியர் காலத்துக் காதணி ஒன்றில் இருந்த மரகதம், இன்றைய பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கைச் சேர்ந்தது என்று தெரியவந்தது. எகிப்து ஒன்றே பண்டைய மூலம் என்ற எண்ணம் அன்று தளர்ந்தது. சொல்லின் தடத்துக்குச் செங்கடலே இன்றும் வலுவான விடை. கல்லின் தடத்தில் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது.

இங்கே தமிழ் படிக்கும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் அகராதிகளில் மரகதம் என்ற பதிவைத் திறந்தால் பச்சை மணி, நவமணியில் ஒன்று என்ற அளவில் நின்றுவிடுகின்றன. வடமொழி என்ற குறிப்பு இருக்கும். அதற்கு முந்திய வழி இருக்காது. நிலவியல் மாணவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். நவமணிப் பெயர்கள் ஒன்பதுக்கும், கல் எங்கே கிடைத்தது, யார் கொண்டுவந்தார்கள், பெயர் முதலில் எந்த நூலில் வருகிறது, எப்போது பொருள் மாறியது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். வைடூரியத்திலிருந்து தொடங்கினால் வேலை கொங்கு நாட்டிலேயே தொடங்கிவிடும். காங்கேயத்துக்குப் பேருந்து இருக்கிறது.